முந்நூறாவது கிலோமீட்டரிலும் உறுத்தாத தலைக்கவசம்

வாசகர் கேள்வி – பதில்

பள்ளி விடுமுறை நெருங்குவதால் நெடும்பயணம் புறப்படும் பைக் பிரியர்களிடமிருந்து இந்த மாதம் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை தலைக்கவசம் தரும் தொல்லைகளைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

என்னிடம் 350 சி.சி. பைக் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கன்னியாகுமரி வரை போய்வருவேன். சென்ற ஆண்டு ஏழாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வாங்கினேன். ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் நெற்றியில் வலி தொடங்கி, திருச்சியைத் தொடுவதற்குள் கழற்றி எறிந்துவிடலாமா என்று தோன்றுகிறது. எடை அதிகமாக இருப்பதுதான் காரணமா?
– வாசகர், விழுப்புரம்

எடைதான் காரணமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எடையால் வரும் களைப்பு கழுத்திலும் தோள்பட்டையிலும்தான் தெரியும். நெற்றியில் ஒரே இடத்தில் ஆணி வைத்து அழுத்துவதைப் போல வராது. உங்களுக்குப் பொருந்தாமல் போனது தலைக்கவசத்தின் எடையோ விலையோ அன்று, அதன் உள்வடிவம்.

ஒருவருடைய தலையை நேர் மேலிருந்து பார்த்தால் முட்டையைப் போல முன்பின்னாக நீண்டிருக்கலாம், ஏறக்குறைய வட்டமாகவும் இருக்கலாம். பலருக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம். டேப் வைத்து அளந்தால் இந்த மூவருக்குமே 58 சென்டிமீட்டர் என்று வரக்கூடும், ஏனென்றால் டேப் சுற்றளவை மட்டுமே சொல்லும். நீண்ட தலைக்காரர் வட்டமான உள்வடிவம் கொண்ட கவசத்தை அணிந்தால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், இரு நெற்றிப்பொட்டுகளின் பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். வட்டத் தலைக்காரர் நீண்ட வடிவத்தை அணிந்தால் பொட்டுகள் வலிக்கும். உங்கள் கடிதத்திலிருந்து முதல் வகை என்றே தோன்றுகிறது.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னுடைய முதல் நீண்ட பயணத்தில், கோவில்பட்டிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி முகம் கழுவியபோது, கடைச் சுவரில் மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தேன். நடுநெற்றியில், மயிர் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து பள்ளம் விழுந்திருந்தது. தேநீர் குடித்து முடித்த பிறகும் அது மறையவில்லை. கடையில் அதை அணிந்து பார்த்தபோது இரண்டே நிமிடத்தில் "சரியாக இருக்கிறது" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். இரண்டு நிமிடத்தில் அந்தப் பள்ளம் தெரியாது. இருபது, முப்பது நிமிடம் ஆன பிறகுதான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஆகவே அடுத்த முறை வாங்கும்போது, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலில் புருவத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கும் மேலாக, பின்மண்டையின் மிகத் துருத்திய பகுதியைச் சுற்றி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். எல், எக்ஸ்.எல். என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எல் 580 மில்லிமீட்டராகவும் இன்னொன்றின் எல் 600 மில்லிமீட்டராகவும் இருப்பதுண்டு. உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அணிந்து நாடாவை மாட்டிய பிறகு, வாய்க்குள் வெற்றிலையை இருபுறமும் அடக்கியதைப் போலக் கன்னங்கள் லேசாக உள்ளே தள்ளப்பட வேண்டும். இரு கைகளாலும் கவசத்தைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தால் நெற்றித் தோலும் கன்னமும் கூடவே நகர வேண்டும். கவசம் மட்டும் தனியே வழுக்கினால் அது பெரியது. உடன் வந்தவரிடம் பின்பக்க விளிம்பைப் பிடித்து மேல்நோக்கி முன்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வருமானால் அங்கேயே வைத்துவிடுங்கள். இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு, அதை அணிந்தபடியே அரை மணி நேரம் கடையில் இருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு அதைச் சுமக்கப்போவது உங்கள் தலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கன்னத்துக் குஷன்கள் சில வாரங்களில் அமுங்கித் தளர்ந்துவிடும், ஆகவே கன்னத்தில் தெரியும் இறுக்கம் தானாகவே சரியாகும். நெற்றியில் தெரியும் வலி அப்படிச் சரியாகாது, ஏனெனில் அங்கே மெல்லிய துணிக்குப் பின்னால் இருப்பது நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் கடினமான நுரைப்பொருள். விழும்போது அந்த நுரை தானே நசுங்கி, தலை நிற்பதற்கான நேரத்தைச் சற்றே நீட்டிக் கொடுப்பதால்தான் மூளை தப்பிக்கிறது. வலிக்கும் இடத்தில் அதை அழுத்திப் பள்ளம் செய்து தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; உயிர் காக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நசுக்கிவிட்டதாக ஆகும். உங்கள் கவசத்தின் நிறுவனம் வேறு தடிமனில் உள்குஷன் விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், ஏழாயிரம் ரூபாயை நினைத்து வருந்தாமல், அந்த வடிவத் தலையுடைய உறவினருக்குக் கொடுத்துவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் இரவு முழுவதும் காதில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காதடைப்பான் பயன்படுத்தலாமா? ஹாரன் சத்தம் கேட்காமல் போய்விடாதா? தொப்பி போல முன்னே நீண்ட மறைப்புள்ள கவசம் நெடும்பயணத்துக்கு நல்லதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பயன்படுத்தலாம் என்பதோடு நிறுத்த மாட்டேன். நெடுஞ்சாலைப் பயணத்தில் கட்டாயம் பயன்படுத்துங்கள் என்றே சொல்வேன். இறங்கிய பிறகும் கேட்கும் அந்த இரைச்சல், உள்காது களைத்துப்போனதன் அறிகுறி. தொடர்ந்து அப்படியே விட்டால் இழந்த கேட்கும் திறன் திரும்பி வராது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல ஃபுல் ஃபேஸ் கவசத்துக்குள்ளேயே காற்றின் ஓசை 95 டெசிபலை எட்டுவது சாதாரணம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக அமெரிக்காவில் வகுத்திருக்கும் பரிந்துரையின்படி 85 டெசிபல் ஓசையை ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. நீங்கள் நான்கு மணி நேரம் ஓட்டுகிறீர்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண நுரை அடைப்பானே போதும். அதை விரல்களுக்கிடையில் திரி போல உருட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பலர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். ஹாரன் சத்தத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குப் பதில், முதல் முறை அணிந்து ஓட்டும்போதே கிடைத்துவிடும்: காற்றின் பேரிரைச்சல் அடங்கிவிடுவதால் பின்னால் வரும் பேருந்தின் ஹாரனும் உங்கள் எஞ்சினின் ஓசையும் தெளிவாகவே கேட்கும். பாட்டுக் கேட்பதற்கான இயர்போன் இதற்கு மாற்றாகாது. காற்றின் ஓசையை வெல்வதற்காக நாம் அதன் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம், காதுக்கு அது இரட்டைச் சுமை.

கவசத்தை மாற்றுவதற்கு முன் உங்கள் பைக்கின் முன்கண்ணாடியையும் ஒருமுறை சோதியுங்கள். பல வண்டிகளில் அதன் விளிம்பிலிருந்து சுழன்று வரும் காற்று நேராக நெற்றியிலோ தாடையிலோ மோதி, தலையை உலுக்குகிறது. ஆளரவமற்ற நேர்ச்சாலையில், மிதமான வேகத்தில், உடலைச் சற்றே உயர்த்தி நிமிர்ந்து உட்காரும்போது இரைச்சல் சட்டென்று குறைகிறது என்றால் குற்றவாளி அந்தக் கண்ணாடிதான். அதன் உயரத்தை இரண்டு அங்குலம் குறைப்பது புதிய கவசம் வாங்குவதைவிட மலிவானது. கழுத்துப் பக்கம் இடைவெளி இருந்தால் அங்கேயும் காற்று புகுந்து ஊதும்; கழுத்தை ஒட்டிய துணிக்குழாய் ஒன்றை அணியுங்கள். நுனி பறக்கும் துண்டு வேண்டாம்.

தொப்பி போல முன்னே நீண்ட மறைப்புள்ள கவசங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மண்பாதையிலும் மாலை வெயிலிலும் அவை உதவும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் சாலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை ஆடி மாதத்தில் ஒருமுறை எதிர்கொண்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பக்கவாட்டில் வீசும் அந்தக் காற்று மறைப்பைப் பிடித்துத் திருப்பும்போது கழுத்தும் சேர்ந்து திரும்புகிறது. உங்கள் பயணம் பெரும்பாலும் நான்குவழிச் சாலையில்தான் என்றால், மறைப்பில்லாத, உருண்டு திரண்ட கவசமே நல்லது.

நான் கண்ணாடி அணிபவள், முடியும் நீளம். கொண்டை போட்டால் தலைக்கவசம் இறங்குவதே இல்லை, ஆகவே ஓர் அளவு பெரிதாக வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். சேலத்திலிருந்து தோழியருடன் கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போய்வருகிறோம். பெரிதாக வாங்கலாமா?
– வாசகி, சேலம்

வேண்டாம் அம்மா. கொண்டைக்காக ஓர் அளவு பெரிதாக வாங்கினால், கொண்டை அவிழும் நொடியில் கவசம் ஆடத் தொடங்கிவிடும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மறைத்துச் சரியும் கவசத்தைவிட ஆபத்தான துணை வேறில்லை. முடியைப் பிடரிக்குக் கீழே, கவசத்தின் விளிம்புக்கு வெளியே வரும்படி தாழப் பின்னி, பின்னலைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். காற்றில் சிக்கும் தொல்லையும் இருக்காது. கிளிப்பு, ஹேர்பின், முடிச்சுப் போட்ட ரப்பர் வளையம் எதுவும் கவசத்துக்குள் இருக்கக் கூடாது. அழுந்தி வலிக்கும் என்பது ஒருபுறம். விழுந்தால் அவையே காயப்படுத்தும்.

கண்ணாடிக்கு வருவோம். சில கவசங்களில் பொட்டுப் பகுதிக் குஷனில் கண்ணாடியின் காதுக்கம்பி நுழைவதற்கென்றே மெல்லிய வாய்க்கால் விட்டிருப்பார்கள். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தால் தெரியும். காதுக்குப் பின்னால் கொக்கி போல வளையும் கம்பியைவிட நேராகப் போகும் மெல்லிய கம்பி எளிதாக நுழையும். பயணத்துக்கென்று அத்தகைய பழைய ஃபிரேம் ஒன்றை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். கடைக்குக் கண்ணாடியோடுதான் போக வேண்டும், கண்ணாடி அணிந்தபடியேதான் அந்த அரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவது அலுப்பாக இருந்தால், தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடக்கூடிய ஃபிளிப் அப் வகையைப் பாருங்கள். ஆனால் சாதாரண ஃபுல் ஃபேஸ் கவசம் ஏறத்தாழ 1,300 முதல் 1,600 கிராம் எடையுள்ளது என்றால், கீலும் பூட்டும் சேர்வதால் இது பெரும்பாலும் அதற்கும் மேலே போகும். ஓசையும் கொஞ்சம் கூடுதல். எதுவாயினும், திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

வேலூர் வெயிலில் ஃபுல் ஃபேஸ் அணிந்தால் மயக்கமே வருகிறது. முகம் திறந்த அரைக் கவசம் போதாதா?
– வாசகர், வேலூர்

உங்கள் ஊர் வெயிலை நான் அறிவேன். உங்கள் சிரமத்தைச் சிறிதாக எண்ணவில்லை. இருந்தும் நெடும்பயணத்துக்கு அரைக் கவசத்தைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பாது. விழுபவர் மண்டையின் உச்சியில் மட்டும் விழுவதில்லை. தாடையும் முகமும் தரையில் உரசும் விபத்துகள் மிக அதிகம்.

வெப்பத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வாங்கும்போது நெற்றியிலும் தாடையிலும் உள்ள காற்றுத் துளைகளை மட்டும் எண்ணாதீர்கள். உள்குஷனைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளைகள் தெர்மாகோலுக்குள்ளும் தொடர்ந்து, முன்னிருந்து பின்னாக வாய்க்கால் போல ஓடிப் பின்புறத் துளையில் முடிகின்றனவா என்று பாருங்கள். வெறும் அழகுக்காக வெளியே மட்டும் துளைபோட்ட கவசங்கள் கடைகளில் ஏராளம். கறுப்பைவிட வெள்ளை நிறம் வெயிலுக்கு இதமானது, இருட்டில் மற்றவர் கண்ணுக்கும் தெரியும். தலைக்கும் குஷனுக்கும் இடையே மெல்லிய துணிக் குல்லாய் ஒன்றை அணிந்தால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்; இரண்டு வைத்துக்கொண்டு மதியத்தில் மாற்றிக்கொள்ளலாம். மயக்கம் வருகிறது என்றீர்களே, அது கவசத்தால் மட்டும் வருவதன்று. விடியற்காலை நாலரைக்கே புறப்பட்டு, பதினொன்றுக்குள் நாளின் பெரும்பகுதித் தொலைவைக் கடந்துவிட்டு, நடுவே மணிக்கொரு முறை உப்பிட்ட மோரோ நீரோ குடியுங்கள்.

கழற்றக்கூடிய குஷன் உள்ள கவசத்தையே வாங்குங்கள். சாதாரண ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான நீரில் கையால் கசக்கி நிழலில் உலர்த்தினால் நாற்றமும் அரிப்பும் போய்விடும். வெளி ஓட்டில் படிந்த தாரைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன ஓடுகளை அவை கண்ணுக்குத் தெரியாமல் பலவீனப்படுத்திவிடும்.

கொடைக்கானல் மலையில் ஏறும்போது வைசர் முழுவதும் ஆவி படிந்து பாதையே தெரிவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், வத்தலக்குண்டு

உங்கள் மூச்சின் ஈரம் குளிர்ந்த வைசரில் படிவதுதான் காரணம். பின்லாக் எனப்படும் மெல்லிய உள்தகடு ஒன்றை வைசரின் உட்புறம் பொருத்தினால், இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று ஒரு திரையாக நின்று உட்புறத்தைக் குளிரவிடாது. அதைப் பொருத்துவதற்கான இரு சிறு முளைகள் வைசரில் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மலையேறுவதானால் நிறமற்ற வைசர்தான் வேண்டும். கறுப்பு வைசர் மாலை ஆறு மணிக்குமேல் ஒரு கண்கட்டு. பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். நனைத்த கைக்குட்டையை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டுவைத்துவிட்டு மெல்ல வழித்தெடுத்தால் கீறல் விழாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை போதுமா, ஐரோப்பிய முத்திரையும் வேண்டுமா? தேநீர் குடிக்க நிறுத்தியபோது என் கவசம் இருக்கையிலிருந்து தரையில் விழுந்துவிட்டது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? அடுத்த மாதம் மனைவியுடன் கன்னியாகுமரிக்குப் புறப்படுகிறேன். அவருக்கு என் பழைய கவசத்தையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர்

மூன்று கேள்விகளையும் ஒரே பயணத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள், வரிசையாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு 2021 ஜூன் முதல் ஐ.எஸ். 4151 தரத்தின்படி பெற்ற ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையை அச்சிட்டு ஒட்டுவது எளிது என்பதால், அதன் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு நிறுவனத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவின் ஈ.சி.இ. 22.06 தரம், நேர் மோதலோடு, தலையைச் சுழற்றிவிடும் சாய்வான மோதலையும் சோதிக்கிறது. இரண்டு முத்திரையும் உள்ள கவசம் உங்கள் பணத்துக்குள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஐரோப்பிய முத்திரை மட்டும் இருப்பது நம் சட்டத்துக்குப் போதாது.

இருக்கை உயரத்திலிருந்து, உள்ளே தலை இல்லாமல் வெறுமனே விழுந்த கவசம் பெரும்பாலும் கெட்டுவிடாது. உள்குஷனைக் கழற்றித் தெர்மாகோலில் விரிசலோ பள்ளமோ இருக்கிறதா என்றும், வெளி ஓட்டில் வெடிப்பு இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். ஏதேனும் ஐயம் இருந்தால் மாற்றிவிடுங்கள். தலையில் இருக்கும்போது அடிவாங்கிய கவசமோ, பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும், அன்றோடு முடிந்தது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் உப்பாது.

உங்கள் பழைய கவசத்தை மனைவிக்குக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உங்கள் தலைக்குப் பழகி அமுங்கியது, அதுவும் சில ஆண்டுகளுக்கு முன்பு. கவசத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே தயாரிப்பாளர்கள் பலரும் சொல்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பின்னால் அமர்பவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது; அதை மாட்டியிருந்தால் மட்டும் போதாது, நாடாவைப் பூட்டியிருக்கவும் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதால் உங்களுக்கு நேரம் போவது தெரியாது. அவரோ உங்கள் தோளுக்குப் பின்னால் அமர்ந்து, உங்களைச் சுற்றிச் சுழன்று வரும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, நீங்கள் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கவசத்தோடு கவசம் முட்டிக்கொண்டு அத்தனை தொலைவும் வர வேண்டும். ஓட்டுபவரைவிட அவருடைய கழுத்துக்குத்தான் இலகுவான, தலையில் ஆடாத கவசம் தேவை. ஆகவே அவரையும் கடைக்கு அழைத்துச் சென்று, அவர் தலையை அளந்து, அவர் கையாலேயே நாடாவைப் பூட்டி அவிழ்க்கச் சொல்லி, அரை மணி நேரம் அவரை உட்கார வைத்து, கழற்றிய பிறகு அவர் நெற்றியை நீங்களே பாருங்கள். சிவந்த தடம் இருந்தால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.